மேட்டுக்கு உதவும் மின்சார சைக்கிளும், உதவாத மின்சார ஸ்கூட்டரும்

மலைப் பிரதேசங்களில் பயிர்த்தொழில் செய்வோருக்கு வாகன சௌகரியம் எவ்வளவு அவசியம் என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. வீடு ஓரிடத்திலும், தோட்டம் இருநூறு அடி பள்ளத்திலும், கடைவீதி மற்றொரு குன்றின் மேலுமாக இருப்பது நீலகிரியிலும் கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் சர்வசாதாரணம். பெட்ரோல் விலையைக் கண்டு மனம் சலித்த விவசாயிகள் பலர், மின்சார சைக்கிள் ஒன்று வாங்கலாமா, வாங்குவதானால் எதை வாங்குவது என்று என்னிடம் விசாரிக்கிறார்கள். விதையையும் உரத்தையும் பற்றிப் பேச வேண்டிய உத்தியோகஸ்தனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். உழுபவன் கையிலிருந்து நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் ரூபாய் வீணாகப் போவதைத் தடுப்பதும் விவசாயப் பிரசாரத்தின் ஒரு பகுதியே என்பது என் அபிப்பிராயம்.

கடைக்குச் சென்றவுடன் கடைக்காரர் சொல்லும் முதல் வார்த்தை, “ஒரு தடவை சார்ஜ் செய்தால் இத்தனை கிலோமீட்டர் ஓடும்” என்பதே. அந்தக் கிலோமீட்டர் சமவெளிக் கிலோமீட்டர். இலேசான ஆள் ஒருவரை ஏற்றி, நேரான சாலையில், நிதானமான வேகத்தில் ஓட்டிக் கண்ட கணக்கு அது. மலைவாசி கேட்க வேண்டிய கேள்வி வேறு. எத்தனை மீட்டர் உயரம் ஏறும், எவ்வளவு பாரத்துடன் ஏறும், பாதிச் சரிவில் நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புமா என்பனவே அவர் கேட்கத்தக்கவை. இவற்றுக்கு விடை சொல்லக்கூடிய கடைக்காரர் அபூர்வம். ஆகையால் வாங்குபவரே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ம் ஆண்டில் இரயில் பாதை திறக்கப்பட்டபோது அதை அமைத்த பொறியாளர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் போதும். கல்லாறு வரையில் சாதாரண இரயில் பாதையாகவே விட்டார்கள். அதற்கு மேல் 12 அடி தூரத்துக்கு 1 அடி உயரம் வரையில் ஏற வேண்டியிருந்ததால், வழுவழுப்பான தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும் என்று கண்டு, நடுவே பல் வரிசை பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும்படி செய்தார்கள். குன்னூருக்கு மேல் சரிவு குறைந்தது; அங்கே பல் வரிசையும் இல்லை. முதலில் சரிவை அளந்தார்கள். பிறகே இயந்திரத்தைத் தீர்மானித்தார்கள். நம்மவர் வரிசையோ தலைகீழாக இருக்கிறது. வண்டியை முதலில் வாங்கிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் சரிவை அளக்கிறோம்!

சரிவை அளப்பது கடினமன்று. சமமட்ட வரப்புப் போடும்போது நாம் உபயோகிக்கும் ரசமட்டமே போதும். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டம் ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையை மேட்டுப் பக்கம் சாலையில் ஊன்றி, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை மறுமுனையை உயர்த்துக. அம்முனைக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரம் 8 சென்டிமீட்டரானால் சரிவு நூற்றுக்கு 8. பதினைந்தானால் நூற்றுக்கு 15. மலை நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் நூற்றுக்கு 5 முதல் 8 வரையிலான சரிவுக்குள் அமைந்தவை. கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும், ஏற்காட்டுப் பாதையின் 20 வளைவுகளும் சரிவை அடக்கி வைப்பதற்காகவே சாலையை வளைத்து வளைத்து நீட்டியவை. நம்மைத் தோற்கடிப்பது அந்தப் பெரிய சாலையன்று. அதிலிருந்து பிரிந்து தோட்டத்துக்கும் ஊருக்கும் செல்லும் கான்கிரீட் துண்டுப் பாதையே. அது நூறு மீட்டர்தான் இருக்கும். ஆனால் நூற்றுக்கு 15 அல்லது அதற்கு மேலும் நிமிர்ந்து நிற்கும். அளவை அங்கேதான் எடுக்க வேண்டும்.

நிற்க. சட்ட விஷயம் ஒன்றை இங்கே தெரிந்துகொள்ளுதல் நலம். 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் அரைமணி நேரச் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பாட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேற்படாமலும் இருந்து, அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையத்தில் சான்று பெற்ற மின்சார வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. அதற்குப் பதிவும் வேண்டாம்; ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். அரைமணி நேரச் சக்தி என்பது அம்மோட்டார் அரைமணி நேரம் இடைவிடாமல் தாங்கி உழைக்கக்கூடிய அளவு. சில நிமிஷங்களுக்கு அது இதைவிட அதிகமாகவும் இழுக்கும்; ஆனால் மலையேற்றம் சில நிமிஷத்தில் முடிகிற காரியமா?

இந்தச் சலுகையின் கீழ் இரண்டு ஜாதி வண்டிகள் விற்பனையாகின்றன. ஒன்று, பெடல் மிதிக்க மிதிக்க மோட்டார் துணை செய்யும் சைக்கிள். மற்றொன்று, உட்கார்ந்து கைப்பிடியை முறுக்கினால் போதும் என்ற சிறு ஸ்கூட்டர். இரண்டிலும் மோட்டார் ஏறத்தாழ ஒரே சக்தியுடையதே. ஆனால் மேட்டில் இரண்டும் நடந்துகொள்ளும் விதத்தைப் பாருங்கள். ஸ்கூட்டரும் பாட்டரியும் ஏறுபவரும் சேர்ந்து 150 கிலோ என்று கொள்வோம். நூற்றுக்கு 10 சரிவில் 250 வாட் இப்பாரத்தை மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏற்றும். அது மனிதனின் நடை வேகம். சைக்கிளோ ஆளுடன் சேர்ந்து 100 கிலோதான். அதில் மோட்டாரின் 250 வாட்டுடன், சாதாரண உடற்கட்டுள்ளவர் சிரமமின்றி மிதித்துத் தரும் 100 வாட்டும் சேருகிறது. அதே சரிவில் அது மணிக்கு 11 கிலோமீட்டருக்குச் சற்று மேலாகவே ஏறும். இருமடங்கு வேகம்! இதில் மந்திரம் ஒன்றுமில்லை. எடை குறைந்தது, காலும் வேலை செய்தது.

சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்தில் சிறு தேயிலைத் தோட்டக்காரர் ஒருவர், உரிமம் வேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காகச் சமவெளிக் கடையொன்றில் அவ்வகை ஸ்கூட்டரை வாங்கி வந்தார். வீட்டு மேட்டில் அது பாதி தூரம் ஏறி, சூடேறி, தானே நின்றுவிட்டது. பெடல் இல்லாமையால் மிதிக்கவும் வழியில்லை. அவரும் அவர் மகனும் எண்பது கிலோ இரும்பைத் தள்ளிக்கொண்டு ஏறியதைத் தெருவே பார்த்தது. பழுது ஒன்றும் இல்லை, இப்படித்தான் இருக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். அது உண்மைதான், வாங்குமுன் சொல்லியிருக்கலாம் என்பதே நம் குறை. மலைக் கிராமங்களில் உள்ளவர்கள் உரிமம் வேண்டாத ஸ்கூட்டரை வாங்கவே கூடாது என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன். சைக்கிளானால் சைக்கிள், ஸ்கூட்டரானால் பதிவு செய்து ஓட்டும் சக்தி வாய்ந்த ஸ்கூட்டர். இரண்டுக்கும் நடுவே நிற்பது இரண்டு வேலைக்கும் ஆகாது.

சைக்கிள் என்று தீர்மானித்தவர் அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது மோட்டார் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பது. விலை குறைந்த சைக்கிள்களில் அது பின்சக்கரத்தின் நடுவில், ஹப் என்னும் குடத்துக்குள் இருக்கும். மற்றொரு வகையில் பெடல் அச்சு இருக்குமிடத்தில் மோட்டார் இருக்கும். இதை மிட் டிரைவ் என்கிறார்கள். ஹப் மோட்டார் சக்கரத்துடன் கட்டுண்டது. சக்கரம் மெதுவாகச் சுழன்றால் அதுவும் மெதுவாகவே சுழல வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கென்று செய்த மோட்டாரை மேட்டில் 8 அல்லது 9 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்கச் சொன்னால், பாட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தில் கணிசமான பங்கு உழைப்பாக மாறாமல் வெப்பமாகவே கழிந்துபோகும். அவ்வெப்பம் கம்பிச் சுற்றின் பூச்சைக் கெடுக்கும். பல ஹப்புகளின் உள்ளே இருக்கும் நைலான் பற்சக்கரங்களும் அதனால் இளகித் தேயும். மிட் டிரைவில் மோட்டாரின் விசை செயின் வழியாகவும் கியர் வழியாகவும் செல்லுகிறது. ஏறுபவர் சிறிய கியரைப் போட்டுக்கொண்டால் சக்கரம் மெதுவாகச் சுழன்றாலும் மோட்டார் தனக்கு உகந்த வேகத்தில் சுழலும். இளைத்த மாட்டையும் நுகத்தடியில் சரியாகப் பூட்டினால் பாரம் இழுக்கும் என்பது நாம் அறிந்ததே.

மிட் டிரைவின் விலை அதிகம் என்பதை மறைப்பதற்கில்லை. செயினும் பற்சக்கரங்களும் விரைவில் தேயும். அவற்றை மாற்றும் செலவும் உண்டு. சரிவு நூற்றுக்கு 6-க்கு உட்பட்டும், ஏற்றம் ஒரே மூச்சில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேற்படாமலும் இருந்தால், நல்ல ஹப் மோட்டாரே போதும் என்பேன். அதற்கு மேலானால் மிட் டிரைவுக்குக் காசு சேரும்வரை ஓராண்டு பொறுத்திருப்பது நலம்.

முறுக்கு விசை என்று ஓர் அளவைக் கடைக்காரர்கள் நியூட்டன் மீட்டரில் சொல்லுவார்கள். 100 கிலோ பாரத்தை நூற்றுக்கு 12 சரிவில் ஏற்றப் பின்சக்கரத்தில் ஏறத்தாழ 40 நியூட்டன் மீட்டர் வேண்டும். அதில் கால்கள் 10 அல்லது 12 தரும். மிச்சம் 30 மோட்டார் தர வேண்டும். ஹப் மோட்டாருக்குச் சொல்லும் எண் சக்கரத்திலேயே கிடைப்பது. மிட் டிரைவுக்குச் சொல்லும் எண்ணோ பெடல் அச்சில் கிடைப்பது. அது கியருக்குத் தக்கபடி சக்கரத்தில் கூடும் அல்லது குறையும். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மரக்காலையும் படியையும் ஒன்றாக எண்ணுவது போலாகும். மிட் டிரைவில் பின்சக்கரத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்தின் பற்களை எண்ணிப் பாருங்கள். முன்பக்கப் பல்சக்கரத்தின் பற்களுக்குச் சமமாகவாவது அது இருத்தல் வேண்டும். அதிகமாக இருந்தால் இன்னும் உத்தமம். கியரே இல்லாத மின்சார சைக்கிள்கள் பார்வைக்கு அழகாக இருக்கின்றன. அவற்றைச் சமவெளி நண்பர்களுக்கே விட்டுவிடலாம்.

இனிப் பாட்டரி. பாட்டரியின் மேல் வோல்ட் என்றும் ஆம்பியர்-மணி என்றும் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட்-மணி. தவசக் குதிரில் எத்தனை மூட்டை இருக்கிறது என்பது போன்றது அது. 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி என்றால் 270 வாட்-மணி. செலவுக் கணக்கு இது: 100 கிலோவை 100 மீட்டர் உயரம் தூக்க 27 வாட்-மணி வேண்டும். உருளும்போது ஏற்படும் தடை, மோட்டாரில் வீணாகும் வெப்பம் இவற்றையும் சேர்த்து 40 என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. ஆகவே தோட்டத்திலிருந்து வீட்டுக்கு 600 மீட்டர் உயரம் ஏறுகிறவருக்கு, கால் உழைப்பைச் சேர்க்காமல், 240 வாட்-மணி செலவாகும். மேற்சொன்ன 270 வாட்-மணிப் பாட்டரி இதற்குப் போதும் என்று தோன்றும், போதாது. பாட்டரியை அடிமட்டம் வரை வற்ற விடுவது அதன் ஆயுளைக் குறைக்கும். அன்றியும், சில ஆண்டுகளில் அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைவது இயல்பு. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி, அதாவது 360 வாட்-மணிக்குக் குறையாமல் வாங்குதல் வேண்டும். ஏறும் உயரம் அறியாதவர்கள் சர்வே படத்திலோ, உயரம் காட்டும் கைபேசியிலோ இரண்டு இடங்களின் உயரத்தையும் பார்த்துக் கழித்துக்கொள்ளலாம். இரயில் நிலையப் பலகைகளிலும் கடல்மட்ட உயரம் எழுதப்பட்டிருக்கிறது.

மலையடிவாரத்தில் வீடுள்ளவருக்கும் உச்சியில் வீடுள்ளவருக்கும் இவ்விஷயத்தில் பெரிய பேதம் உண்டு. அடிவாரக்காரர் காலையில் நிறைந்த பாட்டரியுடன் ஏறுகிறார். மாலையில் பாட்டரி காலியானாலும் உருண்டு வீடு சேர்ந்துவிடுவார். உச்சியில் இருப்பவர் காலையில் இறங்குகிறார். பகலெல்லாம் அலைந்து, எஞ்சியிருக்கும் மின்சாரத்தை நம்பிக்கொண்டு, உடம்பு களைத்த வேளையில் ஏறவேண்டியிருக்கிறது. ஆகையால் அவர் பகல் செலவு வேறு, வீடு திரும்பும் ஏற்றச் செலவு வேறு என்று பிரித்து வைத்து, இரண்டுக்கும் போதிய பாட்டரி வாங்க வேண்டும். இறங்கும்போது மின்சாரம் திரும்பிப் பாட்டரியில் ஏறும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். மிட் டிரைவிலும், பற்சக்கரமுள்ள ஹப்பிலும் பொதுவாக அது நடப்பதில்லை. பற்சக்கரமில்லாத பெரிய ஹப்பில் நடக்கும். ஆனால் காலையில் நிறைந்திருக்கும் பாட்டரியில் மேலும் ஊற்ற இடமேது?

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். உயிருக்கு ஆபத்து இறங்குவதில்தான் இருக்கிறது. 100 கிலோ பாரம் 600 மீட்டர் இறங்கும்போது பிரேக்குகள் விழுங்க வேண்டிய வெப்பம், 2 லிட்டருக்குச் சற்றுக் குறைந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் பிரேக் சூடேறி விபத்துக்குள்ளான மோட்டார் வாகனங்களை அப்பகுதியார் அறிவர். சைக்கிளுக்கும் அதே நியாயம்தான். ரிம்மைக் கவ்வும் ரப்பர் கட்டைப் பிரேக், மழையில் பிடிப்பு இழக்கும். இரண்டு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் இருப்பது மலைக்கு அத்தியாவசியம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் கிடைத்தால் கம்பியில் இயங்குவதை விட மேல். கட்டைகளை மாதம் ஒருமுறை பார்த்து, தேய்ந்தால் உடனே மாற்றுக. சந்தைக்குக் காய்கறி மூட்டையுடன் இறங்குகிறவர்கள் முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடித்து, இடையிடையே நின்று ஆறவிட்டு இறங்குவது நல்லது.

உதகை, குன்னூர்ப் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். லிதியம் பாட்டரியை அந்தக் குளிரில் வெளியே வைத்து சார்ஜ் செய்தால் அதன் உள்ளமைப்பு கெடும். வீட்டுக்குள் கொண்டுவந்து, சற்று நேரம் அறையின் வெப்பத்துக்கு வந்தபின் சார்ஜ் செய்க. ஆனால் படுக்கையறையிலும், வெளியேறும் வாசற்படி அருகிலும் வேண்டாம். எல்லோரும் உறங்கும் நேரத்திலும் வேண்டாம். 2022-ம் ஆண்டில் மின்சார ஸ்கூட்டர்கள் பல தீப்பற்றி எரிந்த பின்னரே, பதிவு செய்யும் வண்டிகளின் பாட்டரிக்குரிய பரிசோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன. உடன் வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றை உபயோகிக்கலாகாது. முழுச் சார்ஜுக்கு அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது. இதற்காக, இறவைப் பம்புக்கென்று தரப்பட்ட இலவச இணைப்பிலிருந்து கம்பி இழுப்போரும் உண்டு. அது குற்றம் என்பதைக் கிராம நிர்வாக அலுவலர்கள் எடுத்துச் சொல்வார்களாக.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு மற்றொரு வேண்டுகோளும் உண்டு. கடன் விண்ணப்பங்களுக்குச் சிபாரிசு எழுதும்போது, வண்டியின் பெயரையும் விலையையும் மட்டும் பார்க்காமல், விண்ணப்பதாரர் தினந்தோறும் என்ன சுமப்பார் என்று கேட்டறிய வேண்டும். தானும் ஒரு கைப்பையும் மட்டுமானால் சைக்கிள் பொருந்தும். உரமூட்டையோ, பால் கேனோ, பின்னால் ஓர் ஆளோ ஏற்றுவாரானால் சைக்கிளுக்குச் சிபாரிசு செய்வது அவருக்கு உபகாரமாகாது. அவருக்குப் பதிவு, உரிமம், இன்ஷூரன்ஸ், தலைக்கவசம் யாவும் உள்ள வண்டியே தக்கது. இச்செலவுக்கு அஞ்சிச் சிலர் சைக்கிளின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திருத்தி, வேகத்தையும் சக்தியையும் கூட்டித் தருகிறோம் என்று சொல்லும் மெக்கானிக்குகளிடம் போகிறார்கள். திருத்திய மறுகணமே அது சட்டப்படி பதிவில்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. வழியில் யாரையாவது இடித்துவிட்டால் நஷ்டஈடு முழுவதும் ஓட்டினவர் தலையில்தான் விழும்.

வாங்குமுன் செய்ய வேண்டிய பரீட்சை ஒன்று உண்டு. சமவெளிக் கடையின் வாசலில் நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்து ஏமாறாமல், வண்டியை உங்கள் ஊருக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். கடைக்காரர் சம்மதித்தால், ரசமட்டம் வைத்து அளந்த அந்தச் செங்குத்துப் பாதையின் நடுவில், நீங்கள் வழக்கமாகச் சுமக்கும் சுமையுடன் நிறுத்தி, கீழே கால் ஊன்றி, மீண்டும் கிளப்பிப் பாருங்கள். கிளம்பினால் மேலே ஏறி, மோட்டாரைத் தொட்டு, கை பொறுக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே பாதையில் இறங்கி, இரண்டு பிரேக்குகளையும் தனித்தனியே பிடித்து நிறுத்திப் பாருங்கள். அவ்வளவு தூரம் வர முடியாது என்று கடைக்காரர் சொன்னால், வண்டி பழுதானாலும் அவ்வளவு தூரம் வரமாட்டார் என்று வைத்துக்கொண்டு வேறு கடை பார்க்கலாம்.